சட்டைப் பைக்குள் ஒரு பந்தயக் கடை

கைப்பேசியில் நடந்துவந்த பணப் பந்தயங்களை மத்திய அரசாங்கம் சட்டமிட்டு நிறுத்திய பிறகு, அதைப்பற்றி இன்னும் பேச என்ன இருக்கிறது என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. 2025 ஆகஸ்டு 20ஆம் தேதி மக்கள் சபையிலும், மறுநாள் ராஜ்ய சபையிலும் நிறைவேறிய அந்த மசோதாவுக்கு 22ஆம் தேதியே ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது. மூன்றே நாளில் முடிந்த காரியம்! திறமையால் வெல்லும் ஆட்டமோ, அதிருஷ்டத்தால் வெல்லும் ஆட்டமோ, எதுவாயினும் பணம் வைத்துக் கைப்பேசி வழியே நடத்துகிறவனுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அதற்கு விளம்பரம் செய்கிறவனுக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 இலட்சம் வரை அபராதம். பணப் பட்டுவாடாவுக்குத் துணை நிற்போருக்கும் தண்டனை உண்டு. நாடெங்கும் பேர் பெற்றிருந்த கம்பெனிகள் அந்த மாதமே பணப் போட்டிகளை நிறுத்தின. இந்தியக் கிரிக்கெட்டு அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த டிரீம் 11 கம்பெனியும் அவற்றுள் ஒன்று.

கடை சாத்தப்பட்டது, மகிழ்ச்சிதான். ஆனால் கடையைச் சாத்துவது ஒரு காரியம். அங்கே நித்தம் போய்ப் பழகிய காலைத் திருப்புவது வேறொரு காரியம். இந்த இரண்டாவது காரியத்தை எந்தச் சட்டமும் இன்னும் முழுமையாகக் கையில் எடுக்கவில்லை என்பது நமது துணிபு. பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் குடும்பங்களாகிய நமக்கு இது அடுத்த வீட்டுச் சங்கதி அன்று.

நம் பிச்சாட்டூரையே எடுத்துக்கொள்வோம். ஆரணியாற்று அணையைத் தவிர வெளியூரார் அறிந்த பெருமை வேறு அதிகம் இல்லாத சிற்றூர். இரயிலேற வேண்டுமானால் புத்தூருக்குப் போகவேண்டும். 2022 ஏப்ரல் வரை சித்தூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு புதிய திருப்பதி ஜில்லாவில் சேர்ந்தது. வீட்டிலே தமிழ், கடைத்தெருவிலே தெலுங்கு, இரண்டும் கலந்த பேச்சு வயற்காட்டிலே. நாகலாபுரம் வழியாகப் பேருந்தில் போய்ச் சுருட்டப்பள்ளிச் சிவன் கோயிலைத் தாண்டினால் ஊத்துக்கோட்டை, அது தமிழ்நாடு. சூதாட்டம் என்பது நம் அரசியல் சட்டப்படி மாநிலங்களின் பொறுப்பில் வைக்கப்பட்ட விஷயம். ஆகவே இந்தச் சிறு பயணத்தில் சட்டமும் மாறிவிடும். அது எப்படியெல்லாம் மாறியது என்பதைக் கேட்டால் அன்பர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் கவலையும் வரும்.

ஆந்திர அரசாங்கம் 2020 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து தன் 1974ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தியது. கைப்பேசியில் பணம் வைத்து ஆடும் ரம்மி முதலியன யாவும் அன்றே குற்றமாயின. அடுத்த மாதமே, 132 இணையதளங்களையும் செயலிகளையும் முடக்கவேண்டுமென்று முதலமைச்சர் மத்திய மந்திரிக்குக் கடிதம் எழுதினார். தமிழ்நாடும் அதே ஆண்டு நவம்பரில் தடை விதித்தது. ஆனால் 2021 ஆகஸ்டு 3ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்டு அத்தடையைச் செல்லாதென்று தள்ளிவிட்டது. நீதியரசர் சந்துரு தலைமையில் 2022இல் ஒரு குழு அமைந்து அறிக்கை தந்த பிறகு, அவ்வாண்டு அக்டோபரில் மறுபடியும் அவசரச் சட்டம் பிறந்தது. கவர்னர் திருப்பி அனுப்பிய மசோதாவைச் சட்டசபை 2023 மார்ச்சில் இரண்டாம் முறையும் நிறைவேற்றிற்று. அதே ஆண்டு நவம்பரில் ஹைகோர்ட்டு, ரம்மியும் போக்கரும் அந்தத் தடைக்குள் வாரா என்று தீர்ப்பளித்தது. இதனால் ஒரே சீட்டாட்டம் பிச்சாட்டூரில் குற்றம், ஊத்துக்கோட்டையில் குற்றமில்லை என்ற நிலை மாதக்கணக்கில் இருந்தது. கம்பெனிக்காரர்கள் கைப்பேசி இருக்கும் இடத்தைப் பார்த்து ஆந்திரத்தாருக்கு வாசலை அடைத்தார்கள், தமிழ்நாட்டாருக்குத் திறந்துவைத்தார்கள். வாசல் திறக்க ஒரு பேருந்துச் சீட்டுப் போதும்.

இந்தக் குழப்பத்துக்கு வேர் எதுவென்றால், ‘திறமை ஆட்டம்’ என்ற ஒரு சொல். ரம்மி திறமை ஆட்டமே என்று சுப்ரீம் கோர்ட்டு முடிவு சொன்னது ஆந்திரத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான். சிகந்தராபாத்துக் கிளப் ஒன்றைப் பற்றிய சத்தியநாராயணா வழக்கு அது. 1967 நவம்பரில் தீர்ப்பு. குதிரைப் பந்தயமும் திறமையே என்று 1996 ஜனவரியில் சொன்னது, சென்னைக் கிண்டிப் பந்தயத் திடலைச் சார்ந்த வழக்கில். சட்ட வல்லுநர்கள் இதைப்பற்றி இன்னும் ஐம்பது ஆண்டு வாதாடட்டும். ஆடுகிறவன் வீட்டு அரிசிப் பானைக்குத் திறமையால் தோற்ற பணம் வேறு, அதிருஷ்டத்தால் தோற்ற பணம் வேறு என்ற பேதம் தெரியாது.

நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. கிண்டிக்குப் போகிறவன் கிண்டிக்குப் போகத்தான் வேண்டும். பந்தயம் இல்லாத நாளில் அவன் வீட்டில் இருப்பான். தமிழ்நாட்டு அரசாங்கம் 1968 முதல் நடத்திய பரிசுச் சீட்டு (அதுவும் பல குடும்பங்களை வாட்டி, 2003 ஜனவரியில் லாட்டரி அனைத்தும் தடுக்கப்பட்டது) வாங்கினவன், குலுக்கல் நாள் வரை காத்திருப்பான். தூரமும் நேரமும் ஒருவகைக் காவலாக நின்றன. கைப்பேசி அந்த இரண்டு காவலையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டது. கடை சட்டைப் பையில் இருக்கிறது; இரவு இரண்டு மணிக்கும் விளக்கெரிகிறது. ஆட்டம் முடியும் வரை காத்திருக்கவும் வேண்டா. இந்த ஓவரில் எத்தனை ஓட்டம், அடுத்த பந்தில் விக்கெட்டு விழுமா என்று நிமிஷத்துக்கொரு பந்தயம். இருபது ஓவர் ஆட்டம் ஒன்றில் இரு தரப்பும் சேர்த்து 40 ஓவர், 240 பந்து. ஒவ்வொன்றும் ஒரு குலுக்கல்!

இரயில்வேயில் அணா பைசா தவறாமல் கணக்கு ஒப்புவித்துக் காலந்தள்ளும் நமக்கு, இதையும் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்க்கத் தோன்றியது. இரண்டு பக்கமும் சமவாய்ப்புள்ள பந்தயம் ஒன்றில், 100 ரூபாய் வைத்து வென்றவனுக்கு முதலோடு சேர்த்து 190 ரூபாய் தருவதாகக் கடைக்காரன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் இப்பக்கம் 100, இன்னொருவன் அப்பக்கம் 100 வைத்தால் வசூல் 200; கொடுப்பது 190; கடைக்காரன் கையில் 10. யார் வென்றாலும் நூற்றுக்கு ஐந்து அவனுக்கு. ஓவருக்கு 100 ரூபாய் வைத்து 40 ஓவரும் ஆடுகிறவன் புரட்டும் தொகை 4,000. அதில் சராசரியாக 200 ரூபாய் கரையும். ஓர் ஐ.பி.எல். பருவத்தின் 74 ஆட்டத்துக்கும் இப்படியே ஆடினால் 14,800. இது நிதானமாக ஆடுகிறவன் கணக்கு. நிதானம் இழந்தவன் என்ன செய்கிறான்? தோற்ற 100ஐ மீட்க 200 வைக்கிறான். அதுவும் போனால் 400, 800, 1,600 என்று இரட்டித்துக்கொண்டே போகிறான். ஏழு முறை தொடர்ந்து தோற்றால் 12,700 ரூபாய் போயிற்று. எட்டாம் முறை 12,800 வைத்து வென்றாலும், கடைக்காரன் எடுத்துக்கொள்ளும் பங்கு போகப் பழைய நஷ்டம் தீராது.

நம் ஊர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றிச் சொல்வோம், பெயர் வேண்டா. தகப்பனார் சிங்கப்பூரில் கட்டிட வேலை. மகன் டிப்ளமா படித்து ஸ்ரீசிட்டித் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தவன். குடிப்பழக்கம் இல்லை, பீடி சிகரெட்டு இல்லை. வீட்டுக்கு மேல்தளம் போடத் தகப்பனார் அனுப்பிய பணம் அவன் பெயரில் இருந்த வங்கிக் கணக்கில் சேர்ந்துவந்தது. வாட்சப்பில் யாரோ ஒருவன் இணைப்பு அனுப்பினான். முதல் 200 ரூபாய்க்கு இன்னொரு 200 இனாம். முதல் வாரத்தில் 1,800 ரூபாய் கிடைத்தது, அதுதான் வினை. நம் நாட்டுக் கம்பெனி அன்று அது. பணம் கட்டவேண்டிய கணக்கு வாரத்துக்கொரு பெயரில் மாறிற்று: ஒரு வாரம் ஏதோ பழக்கடை, மறுவாரம் முகமறியாத ஒரு பெண்மணி. ஒருமுறை 18,000 வென்றான். அதை எடுக்கவேண்டுமானால் முதலில் 5,000 கட்டு என்றார்கள்; கட்டினான்; இரண்டும் போயின. பதினான்கு மாதத்தில் மேல்தளத்துப் பணம் முழுவதும் தீர்ந்தது. அதன்பின் கைப்பேசியிலேயே கடன் தரும் செயலிகள் வந்தன. செங்கல் இறக்க ஆள் வந்த காலையில்தான் தாயாருக்கு விஷயம் தெரிந்தது. ‘குடித்திருந்தால் வாசனையாவது தெரிந்திருக்கும், தம்பி, இது ஒன்றும் தெரியவில்லையே’ என்று அந்த அம்மாள் நம்மிடம் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் இலக்கணமே அடங்கியிருக்கிறது. நோய் என்ற சொல்லை நாம் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு, 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் சூதாட்டக் கோளாறு ஒரு நோயாகவே இடம் பெற்றிருக்கிறது. அமெரிக்க மனநோய் மருத்துவர்கள் 2013லேயே அதை மது, போதை மருந்து ஆகியவற்றின் வரிசையில் வைத்துவிட்டார்கள். திருவள்ளுவரோ ‘சூது’ அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கு அடுத்தும் ‘மருந்து’ அதிகாரத்துக்கு முன்னும் வைத்தார். அந்த வரிசையைப் பார்க்குந்தோறும் நமக்கு வியப்பாயிருக்கும். எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுப் போட நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நம் பக்கம் வருகிறார்கள். இந்த முறிவுக்குக் கட்டுப்போட நாம் எங்கே போவது என்பதே கேள்வி.

வேறு தேசங்களில் என்ன செய்கிறார்கள்? அங்கெல்லாம் சூதாட்டத்தை உரிமம் கொடுத்து நடக்கவிடுகிறார்கள். அது நமக்கு உடன்பாடன்று. ஆனால் பலவீனப்பட்டவனைக் காக்க அவர்கள் கண்ட உபாயங்கள் சில, கற்கத் தக்கவை. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் கடன் சொல்லிப் பந்தயம் வைக்க முடியாது. ‘என்னைச் சேர்க்காதீர்கள்’ என்று ஒருவன் ஒருமுறை பதிவு செய்துகொண்டால், உரிமம் பெற்ற இணையக் கடைகள் அனைத்தும் அவனை வெளியே நிறுத்தவேண்டும். ஆஸ்திரேலியாவும் 2023 ஆகஸ்டில் இத்தகைய பதிவேடு திறந்தது. அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் இணையத்தில் பந்தயம் வைப்பது 2001ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டிருக்கிறது. ஓவருக்கு ஓவர் வைக்கும் வெறிதான் மிகக் கொடியது என்று அவர்கள் அப்பொழுதே கண்டுகொண்டார்கள் போலும்! சிங்கப்பூரில் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கிறார்கள். ஆடுகிறவன் தானே ஒதுங்காவிட்டால், மனைவியோ பெற்றோரோ மனுச் செய்து அவனை ஒதுக்கிவைக்கும் உத்தரவு பெறலாம். குடும்ப விலக்கு உத்தரவு என்று அதற்குப் பெயர். குடும்பத்துக்கு ஒரு வாயும் ஒரு வழியும் இருக்கவேண்டுமென்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டதை நாம் மெச்சுகிறோம்.

நம் தேசத்திலும் இந்த யோசனை எழாமல் இல்லை. 2018 ஜூலையில் சட்டக் கமிஷன் தன் 276ஆம் அறிக்கையைக் கொடுத்தது. சூதாட்டத்தை அடியோடு தடுக்க முடியாவிட்டால் கட்டுப்படுத்தவேண்டும் என்பது அதன் சாரம். ஆதார் அல்லது பான் எண்ணோடு இணைப்பு, ரொக்கம் கூடாது, ஒருவன் இத்தனை முறைக்கு மேல் வைக்கக்கூடாது என்ற வரம்பு, அரசாங்க மானியம் பெறும் ஏழைகளுக்கு அனுமதி இல்லை என்றெல்லாம் சொல்லிற்று. அறிக்கை அறிக்கையாகவே இருந்துவிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. அவை பந்தயத்துக்கு அல்ல, அப்போது அனுமதியில் இருந்த ரம்மி போன்ற பண ஆட்டங்களுக்கு. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஆடக்கூடாது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை கதவடைப்பு. ஆதார் வழியாக ஆளைச் சரிபார்த்தல். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால் எச்சரிக்கை. நாளுக்கும் வாரத்துக்கும் மாதத்துக்கும் பண வரம்பு. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2025 ஜூனில் சென்னை ஹைகோர்ட்டு விதிகளை நிலைநிறுத்தியது. இரண்டே மாதத்தில் மத்தியச் சட்டம் வந்து ஆட்டத்தையே தடுத்தது. கடை போனபின் கடையின் கதவுக்குப் பூட்டு எதற்கு?

இங்கேதான் நமக்கு ஒரு மனக்குறை. விதிக்குக் கீழ்ப்படியக்கூடிய உள்நாட்டுக் கம்பெனிகள் மூடப்பட்டன. எந்த விதிக்கும் கீழ்ப்படியாத வெளிநாட்டுப் பந்தயக்காரன் பெயரை மாற்றிக்கொண்டு டெலிகிராமிலும் வாட்சப்பிலும் வருகிறான். இன்று ஒரு முகவரியை முடக்கினால் நாளை வேறொரு முகவரி. அவனிடம் இரவுக் கதவடைப்பு இல்லை, வரம்பு இல்லை, விலக்குப் பதிவேடும் இல்லை. ஆகவே தடை தவறென்று சொல்லுகிறோமா? இல்லை. இனாம் காட்டி, கிரிக்கெட்டு வீரரையும் சினிமா நட்சத்திரத்தையும் நிறுத்தி, நடு வீட்டுத் தொலைக்காட்சியில் அழைத்த அழைப்பு ஓய்ந்தது பெரிய நன்மை. ஆனால் கட்டுப்பாட்டைக் கடைவாசலில் வைக்க முடியாதபோது, அதைப் பணம் போகும் பாதையில் வைக்கவேண்டும். பந்தயக்காரன் எந்தத் தேசத்தில் இருந்தாலும், பணம் நம் ஊர் வங்கிக் கணக்கு வழியாகவே அவனுக்குப் போகிறது. பழக்கடைப் பெயரிலும் பெண்மணி பெயரிலும் இருந்த அந்த வாடகைக் கணக்குகள்தாம் அவனுடைய இன்றைய கல்லாப்பெட்டி. திடீரென்று நூறு ஊர்களிலிருந்து இருநூறும் ஐந்நூறுமாக வந்து குவியும் கணக்கைக் கண்டுபிடிப்பது வங்கிகளுக்கு முடியாத காரியமா? ‘என் கணக்கிலிருந்து இரவில் பணம் போகவேண்டா, முன்பின் அறியாதவர்க்குப் போகவேண்டா’ என்று ஒருவன் கேட்டுக்கொண்டால் அதை நிறைவேற்றும் ஏற்பாடும், குடும்பத்தார் முறையிட இடமும் வங்கிகளில் வேண்டும். சிங்கப்பூர்க் குடும்ப விலக்கை நாம் வங்கிக் கணக்கின்மேல் நாட்டிக்கொள்ளலாம் என்பது நமது யோசனை.

இன்னொன்று. ஆந்திரத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், ஆடிப் பிடிபட்டவனுக்கும் ஆறு மாதம் வரை சிறை என்றது. 2025இன் மத்தியச் சட்டமோ ஆடியவனைத் தண்டிப்பதில்லை. அவனைப் பாதிக்கப்பட்டவனாகப் பார்க்கிறது. பின்னதே சரியான பார்வை. போலீசுக்குப் பயந்த பையன் தாயிடமும் சொல்லமாட்டான், டாக்டரிடமும் சொல்லமாட்டான். கடன் செயலிக்காரனிடமே இன்னும் நெருங்கிப் போவான்.

குடும்பங்கள் இன்றே செய்யத்தக்கவை சில உண்டு. ஊருக்கு அனுப்பும் பணத்தை ஒரே கணக்கில், அதுவும் கைப்பேசியோடு இணைந்த கணக்கில் சேர்த்துவைக்கவேண்டா. வீட்டுச் செலவுக்கு ஒரு சிறு கணக்கு. வீடு கட்டவும் கலியாணத்துக்கும் சேர்க்கும் பணம் இணைப்பில்லாத வேறு கணக்கில், முடிந்தால் தாயார் பெயரில் வைப்புத் தொகையாக. பெரும்பாலான வங்கிகளில் யு.பி.ஐ. வழியே ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையைக் குறைத்துவைக்கலாம். பந்தயக்காரன் ‘நீ எனக்குத் தரவேண்டும்’ என்று மிரட்டினால் நடுங்கவேண்டா. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் வென்றதைக் கேட்டு வழக்குப் போட முடியாது. கடன் செயலியில் வாங்கிய கடன் அப்படியன்று. அதனைத் தனியே எழுதிவைத்து, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனத்தினுடையதா என்று பார்த்துத் தீர்க்கவேண்டும். மோசடியாகப் பணம் போனால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றிச் சொல்லவேண்டும்; எவ்வளவு விரைவில் சொல்லுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த இடமுண்டு. மனத்தின் பிணிக்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி இருக்கிறது. எண் 14416, இலவசம், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் இணைய அடிமைத்தனத்துக்கென்றே 2014 முதல் ஒரு தனிப் பிரிவு நடக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். விடுதி அறையில் தனிமையும் மாதச் சம்பளமும் கைப்பேசியும் சேர்ந்திருக்கையில் இந்த இணைப்புகள் அங்கேயும் வரும். சிங்கப்பூரில் உரிமம் இல்லாத இணையக் கடையில் பந்தயம் வைப்பது, வைத்தவனுக்கே குற்றம். அகப்பட்டால் அபராதத்தோடு வேலை அனுமதிக்கும் ஆபத்து நேரலாம். அங்குள்ள தேசியச் சூதாட்டப் பிரச்சினை மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668.

மேலே சொன்ன குடும்பத்தில் தகப்பனார் விடுமுறையில் வந்து போனார். மகனை அடிக்கவில்லை, ஊரைக் கூட்டவும் இல்லை. கணக்கைத் தாயார் பெயருக்கு மாற்றினார். மகனுடைய சம்பளத்தில் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போக மீதி அந்த அம்மாளிடம் வருகிறது. பொத்தான் வைத்த பழைய மாதிரிக் கைப்பேசி ஒன்றைப் பையன் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். கடன் செயலிகள் மூன்றில் இரண்டு தீர்ந்தன. இறக்கிய செங்கல் முற்றத்தில் அடுக்கியபடியே இருக்கிறது; தளம் போட இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்கிறார் கொத்தனார்.